சீனுவுக்கு, கார்டு விஷயமாக

கவரைப்பேட்டை
24.8.2025, ஞாயிறு

அன்புத் தம்பி சீனுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. நைட் ஷிப்ட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, உன் நீலச் சட்டை மூன்றும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. எள்ளுருண்டை எண்ணெய் படக் கூடாதென்று கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்ஸ் நோட்டைப் பாதி கேட்டதுமே நீ "சரிக்கா, சரிக்கா" என்று போட்டுவிடுகிறாய். இது 13,500 ரூபாய் சம்பந்தப்பட்ட விஷயம். ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தே போய், மாசா மாசம் ஸ்டைபண்டில் நீ மிச்சம் பிடித்த பணம். எழுத்தில் இருந்தால் இரண்டு தடவை படிப்பாய்.

கிராபிக்ஸ் கார்டு போனது உறுதிடா. போன மாதம் நீ வந்தபோது திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக வந்ததே, அது மானிட்டராக இருக்குமோ வயராக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. திங்கட்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து சிபியுவைத் திறந்தேன். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் வயரை நேராக மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. பிராசஸருக்குள்ளேயே எச்டி 630 என்று ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறதல்லவா, அதில்தான் இப்போது ஓடுகிறது. மறுநாள் கார்டைத் துணியில் சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போய், ஸ்டோரில் இருக்கும் அண்ணனிடம் கொடுத்து அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் அதே கட்டங்கள்தான். கார்டிலிருக்கும் மெமரி சிப்புகள் கெட்டால் இப்படித்தான் வரும்.

விசிறி, விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை. தலைமுடியும் தூசியும் தண்டில் சுற்றி இறுகிக் கிடந்தன. ஹைவே புழுதியோடு சிப்காட் பக்கத்துக் கரும்புழுதியும் சேர்ந்து நம் வீட்டு ஜன்னல் கம்பியில் படியுமே, அதே கறுப்பு கார்டின் அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில் களிமண் மாதிரி அப்பியிருந்தது. விசிறி நின்றதை நாம் யாருமே கவனிக்கவில்லை. அது நின்ற பிறகும் எத்தனை நாள் வெந்துகொண்டே உனக்குப் படம் காட்டியதோ. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் மோட்டாரின் விசிறி மூடியைத் திறந்து தூசி தட்டுவதுதான் என் தினசரி வேலை. வீட்டிலிருக்கும் விசிறியை இரண்டு வருஷமாக நான் திறந்தே பார்க்கவில்லை.

பழசைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டிருந்தாய். நேற்று எனக்கு வாரவிடுப்பு. காலை ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமைதான் தோது. சர்வீஸ் கடை ஒன்றில் சிப்பைச் சூடுகாட்டி மறுபடி ஒட்டித் தர 1,500 கேட்டார்கள். எத்தனை நாள் தாங்கும் என்றதற்கு, "அது சொல்ல முடியாது மேடம், ஓடற வரைக்கும் ஓடும்" என்றான் அந்தப் பையன். உண்மையைச் சொன்னான். சூடுகாட்டிச் சேர்த்த கார்டு சில வாரம் ஓடிவிட்டு மறுபடி அதே கட்டங்களைப் போடும். யூடியூபில் ஓவனில் வைத்துச் சுடுகிறார்களே, அதை நினைத்துக்கூடப் பார்க்காதே. கருகிய பிளாஸ்டிக் புகை நாம் சாப்பிடுகிற இடத்தில் வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016 அக்டோபரில் வந்த கார்டு. அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை இந்த அக்டோபரோடு நிறுத்தப்போவதாக என்விடியா சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும். ஒன்பது வருஷம் உழைத்த கார்டு. அதில் இன்னும் 1,500 போட எனக்கு மனம் வரவில்லை. பழைய 1050 டிஐ இன்னொன்றைத் தேடி வாங்கவும் கூடாது. 2,500க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

இப்போது உன் ஆசைக்கு வருகிறேன். உன்னோடு பயிற்சியில் இருக்கிற பையனின் ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி, 6,500 ரூபாய். அதை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் ஹெட்செட்டும் மவுஸும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ கார்டை மட்டும் பார்த்துப் போட்ட கணக்குடா அது. அந்தக் கார்டு போய் உட்காரப்போகிற பெட்டியை நான் பார்த்துவிட்டேன்.

நம்முடையது ஏதோ ஓர் ஆபீஸில் நாலைந்து வருஷம் ஓடி, கழித்துக் கட்டப்பட்டு, ரீஃபர்பிஷ் என்று நம் கைக்கு வந்த பெட்டி. பில் போடவும் லெட்டர் அடிக்கவும் செய்தது. அதற்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் 240 வாட் என்று இருக்கிறது. கார்டுக்கென்று தனி வயர் ஒன்றுகூட அதிலிருந்து வரவில்லை. கார்டு மின்சாரம் எடுக்க ஒரே வழி, அது செருகியிருக்கிற ஸ்லாட். அந்த ஸ்லாட் 12 வோல்ட்டில் 5.5 ஆம்ப்ஸ், 3.3 வோல்ட்டில் 3 ஆம்ப்ஸ் தரும். பெருக்கிக் கூட்டிப் பார், ஏறக்குறைய 75 வாட்தான். உன் 1050 டிஐ இத்தனை நாள் இந்தப் பெட்டியில் நிம்மதியாக ஓடியதன் ரகசியம் அதுதான். 75 வாட் கார்டு அது. அந்த 580 கேட்பது 185 வாட். தலையில் 8 பின் சாக்கெட் வைத்திருக்கும். அதில் செருக நம்மிடம் வயர் இல்லை.

"எஸ்எம்பிஎஸ்ஸையே மாத்திடலாம்" என்று சொல்வாய். அதையும் பார்த்துவிட்டேன். ஆபீஸ் பெட்டிகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸும் தனி உருவம், மதர்போர்டில் செருகுகிற முனையும் தனி. கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் முனை அதில் நேராக ஏறாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வயர் வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் 4,000க்குக் குறையாது. 6,500 என்று ஆரம்பித்த கார்டு 11,000ஐத் தொடும். கன்வெர்ட்டரில் தொங்குகிற வயரை நம்பி நீ ராத்திரி இரண்டு மணி வரை ஆடிக்கொண்டிருப்பாய். முனை இளகிக் கருகிப்போன கனெக்டர்களை நான் வாரத்துக்கு ஒன்றாவது கழற்றுகிறேன். நம் வீட்டில் அது நடக்கக் கூடாது.

அந்த 580ஐப் பற்றியே இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, சீனாவிலிருந்து வந்த 580களில் 2048எஸ்பி என்று ஒரு வகை இருக்கிறது. நிஜமான 580க்குள் 2304 கணக்குக் கருவிகள் உண்டு. இதில் 2048தான். பெயர் 580 என்றாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. உன் நண்பனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொல். அவனுக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். இரண்டாவது, மைனிங். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எத்தேரியம் என்கிற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றிக்கொண்டதோடு, கார்டுகளை வைத்து அந்தக் காசைத் தோண்டுகிற வேலை ஒரே நாளில் நின்றது. அதில் ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கக் கைமாற்றுச் சந்தைக்கு வந்து விழுந்தன. அதில் 580 ரொம்ப அதிகம். மைனிங்கில் ஓடியதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கம்பெனியில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சூட்டில் ஓடுகிற மோட்டார், நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற மோட்டாரைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் விசிறித் தண்டும், மெமரி சிப்பின் மேல் ஒட்டியிருக்கிற பஞ்சுப் பட்டையும் அப்படி ஓடினால் தேயும், காயும். நம் கார்டைக் கொன்றதும் அதே இரண்டு இடம்தான். அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால் அது வெளியே தெரியாது. கடையில் பழைய கார்டு வாங்கினாலும் ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்றுதான் சொல்வார்கள். எட்டாவது நாள் யாரைப் போய்க் கேட்பது? அந்த 580 தலைமுறைக்கும் 2023 இறுதியிலிருந்தே ஏஎம்டி முக்கியமான திருத்தங்களை மட்டும்தான் தருகிறது.

ஆகவே நம் பெட்டிக்கு, ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் வாழத் தெரிந்த கார்டுதான் வேண்டும். இந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நேற்று கடை கடையாக ஏறினேன். அப்படிப் பார்த்தால் தேர்வு சுருங்கிவிடுகிறது சீனு. ரிச்சி தெருவில் நின்று எல்லாப் பெட்டியையும் அண்ணாந்து பார்த்து மலைக்கிறோமே, அந்த மலைப்பும் போய்விடும்.

ஒரு கடையில் ஜிடி 730 நாலு ஜிபியை எடுத்து வைத்து, "கேமிங் கார்டு மேடம், நாலு ஜிபி" என்றார்கள். எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் இதைத்தான் வாங்கினான். 2014இல் வந்த கார்டு அது. பக்கத்தில் நாலு ஜிபி என்ன, நாற்பது ஜிபி வைத்தாலும் படம் வரைகிற மூளை அதே சின்ன மூளைதான். மெமரி அளவை மட்டும் பெரிதாக அச்சடித்த அட்டைப் பெட்டியைக் கண்டால் அதை ஓரமாக வை.

அடுத்து ஜிடிஎக்ஸ் 1650. 2019இல் வந்தது, 75 வாட், நாலு ஜிபி. நம் பெட்டியில் ஏறும், 1050 டிஐயைவிட நன்றாகவும் ஓடும். பழசு 6,000க்குக் கிடைக்கிறது. பணம் அவ்வளவுதான் என்றால் நானே இதை வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நாலு ஜிபி மெமரி இன்றைய கேம்களுக்குத் திணறுகிறது. சுவரிலும் புல்லிலும் மணலிலும் இருக்கிற தோலையெல்லாம் அந்த மெமரியில்தான் விரித்து வைக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டர் மெமரிக்குப் போய்ப் போய் எடுத்துவரும். நீ சுடுகிற நேரத்தில் படம் ஒரு நொடி நின்று நின்று வருவது அதனால்தான்.

ஆர்எக்ஸ் 6400 காட்டினார்கள். 53 வாட்தான். பார்க்க அழகாகச் சின்னதாக இருக்கிறது, எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அது ஸ்லாட்டோடு பேச நாலே நாலு பாதைதான் வைத்திருக்கிறது. புது மதர்போர்டில் ஒவ்வொரு பாதையும் வேகமானது, அதனால் சமாளித்துவிடும். நம்முடையது ஏழாம் தலைமுறை ஐ5. அதில் இருக்கிற ஸ்லாட் மூன்றாம் தலைமுறை, ஒரு பாதையில் பாதி வேகம்தான் போக முடியும். நல்லூர் டோல்கேட்டில் பாதிக் கவுண்டரை மூடிவிட்டால் தடாவிலிருந்து வருகிற லாரி எல்லாம் எப்படி நிற்கும்? நாலு ஜிபி நிறைந்து வழியும்போது அந்தக் கார்டுக்கும் அதே கதிதான். இன்டெல்லின் ஆர்க் ஏ380 ஆறு ஜிபி என்று நீ ஒரு லிங்க் அனுப்பியிருந்தாய். அது முழு வேகத்தில் ஓட மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களோடு அதைப் போட வேண்டாமென்று இன்டெல்லே சொல்லியிருக்கிறது.

மிச்சம் நிற்பது ஆர்டிஎக்ஸ் 3050, ஆறு ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட். பாதை எட்டு இருப்பதால் நம் பழைய ஸ்லாட்டிலும் பெரிதாக இழப்பு இல்லை. உன் பழைய கார்டில் 768 கணக்குக் கருவிகள், இதில் 2304. இரண்டும் வேறு வேறு தலைமுறை என்பதால் எண்ணை எண்ணோடு வைத்து மூன்று மடங்கு என்று நினைத்துவிடாதே, ஆனாலும் வித்தியாசத்தை முதல் நாளே கண்ணால் பார்ப்பாய். டிஎல்எஸ்எஸ் என்கிறார்களே, படத்தைச் சின்னதாக வரைந்துகொண்டு பிறகு நுணுக்கம் கெடாமல் பெரிதாக்குகிற வித்தை, அது ஆர்டிஎக்ஸ் கார்டுகளில்தான் வரும். சைபர்பங்க் ஆட வேண்டுமென்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய். இந்தக் கார்டில் அமைப்புகளைக் கொஞ்சம் இறக்கி வைத்து ஆடலாம்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 3050 என்ற ஒரே பெயரில் எட்டு ஜிபி, ஆறு ஜிபி என்று இரண்டு இருக்கின்றன. மெமரி மட்டும்தான் வேறு என்று கடையில் சொல்வார்கள். அப்படியில்லை. எட்டு ஜிபியில் 2560 கருவிகள், 128 பிட் அகலம். ஆறு ஜிபியில் 2304, 96 பிட். எட்டு ஜிபி வேகமானதுதான், ஆனால் 130 வாட் கேட்கும், வயர் வேண்டும். யாராவது அதை மலிவாகத் தருகிறேன் என்றாலும் நமக்கு உதவாது. இன்னொன்று, ஆறு ஜிபியிலேயே சில மாடல்களில் தலையில் சாக்கெட் வைத்து விற்கிறார்கள். அது இல்லாததாக, ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டாக வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கூடு வரைக்கும் அளந்துவிட்டேன். ஒரு சாணும் இரண்டு விரலும்தான் இடம் இருக்கிறது.

ஆர்எக்ஸ் 6600 இதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம் என்று நீ சொல்வது சரிதான். எட்டு ஜிபி, 132 வாட். நமக்கு நல்ல பெட்டி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். கார்டே 20,000 ஆகிறது, அதற்கு எஸ்எம்பிஎஸ், கன்வெர்ட்டர். மொத்தம் 25,000. அவ்வளவையும் ஏழாம் தலைமுறை நாலு கோர் பிராசஸரின் பின்னால் கட்டினால், கார்டு வரையத் தயாராக இருக்கும், பிராசஸர் மூச்சு வாங்கும். உன் மானிட்டர் எது என்று யோசித்துப் பார். 1080பி, 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் அதால் படம் மாற்ற முடியாது. நீ வாய்ஸ் நோட்டில் சொல்கிற 144 நம் வீட்டு மேஜையில் இல்லை சீனு.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இந்த அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்துகிறது. நம் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் நீட்டித் தருகிறார்கள், அதை நான் பதிந்து வைக்கிறேன். ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். நீ வேலைக்குப் போய் அதை மாற்றுகிற அன்று, இந்த 3050ஐக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். புதுசாக, பில்லோடு, மூன்று வருஷம் வாரண்டியோடு வாங்க வேண்டுமென்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டியின் மேல் இருக்கிற சீரியல் நம்பரும் கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுவேன்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ மனசு வருந்தக் கூடாது. போன டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், இந்த மே மாதம் வந்த டூம் மாதிரிப் பெரிய கேம்கள் ரே டிரேசிங் கருவி இல்லாத கார்டில் ஓடாது என்று கதவைச் சாத்திவிட்டன. அதில் 580க்கும் 1650க்கும் இடமில்லை. 3050இல் அந்தக் கருவி இருக்கிறது, ஆனால் அவர்கள் எட்டு ஜிபி கேட்கிறார்கள். அதனால் அவற்றின் மேல் ஆசை வைக்காதே. உன் வாலரண்ட், ஜிடிஏ 5, கவுண்டர் ஸ்ட்ரைக் எல்லாம் தாராளமாக ஓடும்.

கடையில் கார்டுக்கு ஜிஎஸ்டியோடு 16,700 சொன்னார்கள். அதோடு எட்டு ஜிபி ராம் ஒன்று 2,100. ஒற்றை ராம் போட்டிருக்கிற பெட்டியில் ஜோடி சேர்த்தாலே பாதி மந்தம் போகும், அதை விடக் கூடாது. ஆக 18,800. உன்னுடையது 13,500. மிச்சம் 5,300 நான் போடுகிறேன். கடன் என்று நினைக்காதே.

அம்மா முதலில் கேட்டாள்: "வெளாட்டுக்கு இவ்ளோ காசாடி?" நான் பதில் சொல்வதற்குள் அவளே பெட்டியைப் பார்த்தாள். போன வருஷ ஆயுத பூஜைக்கு அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் கேபினெட் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. துடைக்காமல் விட்டிருக்கிறோம். அன்றைக்கு அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. பூஜையில் வைத்த பொருளைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்ல, ஒரு நாள் ஆட முடியவில்லையே என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். ராத்திரி எட்டரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் திரும்பி, நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதிவிட்டது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினாய். நடு ராத்திரி தாண்டி வந்தாய், சட்டையெல்லாம் மண். ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்ததையும், இந்தி தெரியாமல் கையைக் காட்டிக் காட்டிப் பேசி அவர்கள் பையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாய். ஒரு உயிரும் போகவில்லை என்று மறுநாள் பேப்பரில் பார்த்ததும் அம்மா பூஜை அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் உன்னை "கேம் கேம்னு கெட்டுப் போறான்" என்று சொன்னதில்லை, கவனித்தாயா? நேற்றும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சரி, நல்லதா பாத்து வாங்கிக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் ஒரு வேலை செய்திருக்கிறேன். "சிபியுவத் தொட்டா ஷாக் அடிக்குதுக்கா" என்று நீ சொல்லும்போதெல்லாம் அது சும்மா ஸ்டாட்டிக் என்று தள்ளிவிட்டேன். என் தப்பு. செவ்வாய்க்கிழமை மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையைக் கேபினெட்டிலும் இன்னொன்றைக் கொல்லைக் குழாயிலும் வைத்தேன். 108 வோல்ட் காட்டியது. சுவரைத் திறந்து பார்த்தால் சாக்கெட்டின் மேல் ஓட்டைக்கு வயரே வரவில்லை. வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் எர்த்தை இழுக்காமலே மூடிவிட்டுப் போயிருக்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கப்பாசிட்டர் இருக்கும், ஒன்று லைனிலிருந்து பாடிக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் இருந்தால் அதில் கசிகிற கொஞ்ச மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பாடி நடுவில் தொங்கும், 230இல் பாதி. ஆளைக் கொல்லாது, ஆனால் கார்டின் மேலும் மானிட்டர் வயரின் மேலும் சதா இழுத்துக்கொண்டே இருக்கும். புது கார்டை அந்தச் சாக்கெட்டில் செருக எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அப்பாவும் நானும் கொல்லையில் குழி வெட்டினோம். முட்டி வலி இருந்தும் கடப்பாரையை என் கையில் கொடுக்க மாட்டேன் என்றார். ஜிஐ பைப்பை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, பச்சை வயரை மீட்டர் போர்டுக்கு இழுத்து, அங்கிருந்து உன் அறைச் சாக்கெட்டுக்கும் பிரிட்ஜ் சாக்கெட்டுக்கும் கொண்டுவந்தேன். இப்போது அதே இடத்தில் மீட்டர் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறது. சித்திரை, வைகாசியில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தினம் துணி அலசிய தண்ணீரை அங்கே ஊற்றச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கார்டு இல்லாத இந்த வாரத்தில் ஒரு நல்லது நடந்தது. எச்டி 630இலேயே ஓடும் என்று தெரிந்து, நீ எப்போதோ வாங்கி வைத்திருந்த வெண்பா கேமைத் திறந்தேன். 2023இல் வந்ததல்லவா, டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் செய்தது, அடுத்த வருஷம் பாஃப்டா விருதும் வாங்கியது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டுமென்று கேட்கிற இடத்தில் நான் இரண்டு தடவை தப்பாக அடுக்கினேன். அம்மா என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கவில்லை, மெதுவாக என் கையின் மேல் தன் கையை வைத்து நகர்த்தினாள். "ஓட்டைக்கு நேரா குழி வெக்கக் கூடாது, ஆவி எப்படி ஏறும்?" என்றாள். அந்த அம்மா வெளிநாட்டில் பிள்ளையோடு தமிழில் பேச, அந்தப் பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்கிற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "மிச்சத்த சீனு வந்தப்புறம் பாக்கலாம்" என்றாள். பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பணம் உன்னுடையது. நான் இவ்வளவு எழுதியது உன்னைத் தடுக்க இல்லை. படித்துவிட்டு உனக்கு இன்னும் 580தான் சரியென்று பட்டால் எனக்குக் காரணம் சொல், கேட்கிறேன். 3050 சரியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு. சனிக்கிழமை 30ஆம் தேதி காலை ரயிலில் போய் வாங்கிவந்துவிடுவேன். பழைய கார்டை வீசவில்லை. அதன் விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டேன், இப்போது சுற்றுகிறது. நீ வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பார்க்கலாம், எந்த சிப் எது என்று உனக்குக் காட்டுகிறேன்.

புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைப் பார்சலில் அனுப்ப முடியாது, ஊசிப் போய்விடும். ஆயுத பூஜை இந்த வருஷம் அக்டோபர் 1. உன் பயிற்சி முடிய அதற்கு மேலும் இரண்டு வாரம் இருக்கும், தீபாவளிக்குத்தான் வருவாய். பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் பெட்டிக்குப் புதுசாக வைக்கவா, இல்லை அதை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் வைக்கவா? போனில் மறக்காமல் சொல்.

அன்புடன்,
அக்கா